உதவி கேட்கும் உரிமை: மென்பொருள் வாடகையின் வரலாறு

2022 ஆகஸ்ட் 5 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு, வரி வழக்கறிஞர் வட்டத்துக்கு வெளியே அதிகம் பேசப்படவில்லை. புனேயைச் சேர்ந்த குயிக் ஹீல் நிறுவனம் விற்கும் வைரஸ் தடுப்பு மென்பொருள் பொருளா, சேவையா என்பதே வழக்கு. கடையில் வாங்குபவர் கையில் கிடைப்பது ஓர் அட்டைப்பெட்டி. அதனுள் ஒரு குறுந்தகடு, ஒரு குறியீட்டு எண். எண்ணைப் பதிந்தால் குறித்த காலத்துக்கு மென்பொருள் இயங்கும். புதிய வைரஸ்களை அடையாளம் காண்பதற்கான தரவு அக்காலம் முழுவதும் இணையம் வழியே வந்துகொண்டிருக்கும். இப்படித் தொடர்ந்து வந்துகொண்டிருப்பதால் இது சேவை, ஆகவே சேவை வரி கட்ட வேண்டும் என்றது வரித்துறை. கேட்ட தொகை 50 கோடி ரூபாய்க்கும் மேல். தகடும் எண்ணும் கைமாறியபோதே விற்பனை முடிந்துவிட்டது என்றது நிறுவனம். நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. ஒரு பொருளைப் பயன்படுத்தும் உரிமை கைமாறுவதையும் விற்பனையாகவே கொள்ள அரசமைப்புச் சட்டம் இடமளிக்கிறது. ஒரே ஒப்பந்தத்தை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியைப் பொருள் என்றும் மறுபாதியைச் சேவை என்றும் கொள்ள இயலாது என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டத்தின் பார்வையில் தீர்ப்பு தெளிவானது. வாங்கியவரின் பார்வையில் அது ஒரு புதிரைத் தீர்க்காமல் விட்டுவிட்டது. குறித்த நாளில் பயனற்றுப்போகும் ஒரு ‘பொருளை’ வாங்கியவருக்கு உண்மையில் சொந்தமானது எது? அது பழுதுபட்டால் அவர் யாரிடம் கேட்கலாம், எத்தனை முறை கேட்கலாம், எந்த நாள்வரை கேட்கலாம்? இந்தக் கேள்விகளுக்கான விடையை வணிக மென்பொருள் உலகம் ‘என்டைட்டில்மென்ட்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுகிறது. நில உரிமையைக் குறிக்கும் ‘டைட்டில்’ என்ற வேர் அதனுள் இருக்கிறது. தமிழில் சேவை உரிமை எனலாம். இன்னும் நெருக்கமாகச் சொன்னால் உதவி கேட்பதற்கான பட்டா. ஆனால் நிலப் பட்டாவுக்கு இல்லாத ஒன்று இந்தப் பட்டாவுக்கு உண்டு: காலாவதி நாள்.

உதவி கேட்கும் உரிமை எப்போது தனியே விலைபோகும் சரக்காயிற்று? வாடகைக்கு எடுப்பவருக்கு உரிமை குறைவு, சொந்தமாக வாங்குபவருக்கு உரிமை மிகுதி என்றுதான் பொதுவாக எண்ணத் தோன்றும். கணிப்பொறித் துறையின் தொடக்கம் இதற்கு நேர்மாறானது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐ.பி.எம். தன் அட்டவணை இயந்திரங்களை விற்கவில்லை. வாடகைக்கு மட்டுமே விட்டது. மாத வாடகையில் எல்லாம் அடக்கம். இயந்திரம் நின்றுபோனால் ஐ.பி.எம். பொறியாளர் வருவார், பணியாளர்களுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் பயிற்சி தரப்படும். பின்னாளில் மின்னணுக் கணிப்பொறிகள் வந்தபோது நிரல்களும், நிரல் எழுதத் துணைநிற்கும் பொறியாளர்களும் அதே வாடகைக்குள் வந்து சேர்ந்தார்கள். வாடிக்கையாளருக்கு உதவி பெற உரிமை உண்டா என்று எவரும் ஏட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இயந்திரம் ஐ.பி.எம்.முடையது, அது ஓடாமல் நின்றால் வாடகையை இழக்கும் அபாயமும் ஐ.பி.எம்.முடையது. வீட்டுக் கூரை ஒழுகினால் குடியிருப்பவர் வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல அது இயல்பாக நடந்தது. (எல்லா வீட்டுக்காரர்களும் கூரையைச் சரிசெய்வதில்லை என்பது வேறு கதை.)

இந்த ஏற்பாட்டில் ஐ.பி.எம்.முக்கு இருந்த ஆதாயம் சிறிதன்று. இயந்திரம் எவருக்கும் சொந்தமாகாததால் பழைய இயந்திரச் சந்தை என்ற ஒன்றே உருவாகவில்லை. பழுதுபார்க்கும் தொழிலில் வெளியார் நுழையவும் வழியில்லை. அமெரிக்க நீதித்துறை இதை ஏகபோகமாகக் கண்டு வழக்குத் தொடுத்தது. 1956 ஜனவரியில் ஐ.பி.எம். ஓர் இசைவுத் தீர்ப்புக்கு உடன்பட்டது. அதன்படி இயந்திரங்களை வாடகைக்கு விடுவதோடு விற்கவும் வேண்டும். வாங்கியவர்களுக்குப் பராமரிப்பும் உதிரிப் பாகங்களும் கிடைக்கச் செய்ய வேண்டும்.

இங்கேதான் அந்த உரிமை முதன்முறையாக எழுத்தில் வரவேண்டிய தேவை எழுந்தது. இயந்திரத்தைக் கிரயம் செய்து வாங்கியவருக்கு அது சொந்தம். ஆகவே அதன் பழுதும் அவருக்கே சொந்தம். ஐ.பி.எம். பொறியாளர் வரவேண்டுமானால் அதற்குத் தனி ஒப்பந்தம், தனிக் கட்டணம், தொடக்க நாள், முடிவு நாள் எல்லாம் வேண்டும். சேவை உரிமை என்பது வாடகைக்காரருக்காகப் பிறந்ததன்று, உடைமையாளருக்காகப் பிறந்தது. உடைமை வந்தபோதுதான் உதவி அதிலிருந்து பிரிந்தது.

நிரல்கள் அப்போதும் பிரியவில்லை. அவை விலையில்லாதவை என்பதைவிட, விலை என்ற எண்ணமே அவற்றோடு ஒட்டவில்லை என்பது பொருந்தும். 1955இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதி ஐ.பி.எம். பயனர்கள் தொடங்கிய ‘ஷேர்’ என்ற அமைப்பில், ஒரு நிறுவனம் எழுதிய நிரலை இன்னொரு நிறுவனம் எடுத்துப் பயன்படுத்துவது வழக்கமாக இருந்தது. இதனால் பாதிக்கப்பட்டவர்கள் நிரலை மட்டுமே எழுதி விற்க முயன்ற சிறு நிறுவனங்கள். நியூ ஜெர்சியின் அப்ளைடு டேட்டா ரிசர்ச், நிரல்களுக்குப் பாய்வுப்படம் வரைந்து தரும் ‘ஆட்டோஃப்ளோ’ என்ற மென்பொருளை விற்றுவந்தது. ஐ.பி.எம். அதே வகை நிரலை இலவசமாகத் தரும்போது அதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அந்நிறுவனத்தைச் சேர்ந்த மார்ட்டின் கோட்ஸ் 1968இல் மென்பொருளுக்கான முதல் அமெரிக்கக் காப்புரிமையைப் பெற்றார். 1969இல் நிறுவனம் ஐ.பி.எம். மீது வழக்கே தொடுத்தது. அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்க அரசும் ஐ.பி.எம். மீது ஏகபோக எதிர்ப்பு வழக்கொன்றைத் தொடுத்திருந்தது. அது 13 ஆண்டுகள் நீண்டு 1982இல் கைவிடப்பட்டது.

இந்த நெருக்கடிகளுக்கு நடுவே 1969 ஜூன் 23 அன்று வெளியான அறிவிப்பே மென்பொருள் வணிக வரலாற்றில் ‘கட்டவிழ்ப்பு’ என்று பெயர்பெற்றது. பொறியாளர் துணைக்கு இனித் தனிக் கட்டணம். பயிற்சிக்குத் தனிக் கட்டணம். குறிப்பிட்ட பயன்பாட்டு நிரல்களுக்கும் தனிக் கட்டணம். இயங்குதளம் போன்ற அடிப்படை நிரல்கள் மட்டும் முன்போல இயந்திரத்தோடு தொடர்ந்தன. இவ்வளவையும் பிரித்தெடுத்ததற்கு ஈடாக இயந்திர விலையில் குறைக்கப்பட்டது 3 சதவீதம். அதுவரை அந்த உதவிகளின் மதிப்பு வெறும் 3 சதவீதம்தான் என்று ஐ.பி.எம். கருதியதா, அல்லது கழிக்கும்போது ஒரு தராசும் கூட்டும்போது வேறொரு தராசும் பயன்பட்டனவா என்ற ஐயம் வாடிக்கையாளருக்கு எழுந்திருந்தால் வியப்பில்லை.

தனியே விலையிடப்பட்ட அந்த நிரல்களை ஐ.பி.எம். விற்கவில்லை, உரிமத்தின் கீழ் மாதக் கட்டணத்துக்கு விட்டது என்பது இங்கே கவனிக்க வேண்டியது. 1956இல் இயந்திரத்தை விற்கும்படி நீதிமன்றம் கட்டாயப்படுத்தியது; 1969இல் நிரலை விற்க எந்தக் கட்டாயமும் இருக்கவில்லை. உரிமை என்ற பழஞ்சொல்லிலிருந்து அண்மைக் காலத்தில் ஆக்கப்பட்ட ‘உரிமம்’ என்ற சொல், கிரயத்துக்கும் குத்தகைக்கும் இடைப்பட்ட இந்த நிலைக்கு நன்றாகவே பொருந்துகிறது. உரிமை ஒருவருக்கு உள்ளது. உரிமம் ஒருவருக்குத் தரப்படுவது. தந்தவர் அதைத் திரும்பப் பெறவும் கூடும்.

இதற்குள் அதே ஐ.பி.எம். இந்தியாவில் வேறொரு நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தது. 1950களின் தொடக்கத்தில் இங்கே காலூன்றிய அந்நிறுவனம், வெளிநாடுகளில் பயன்படுத்தப்பட்டுத் திரும்பிய பழைய தலைமுறை இயந்திரங்களைப் புதுப்பித்து இங்கே வாடகைக்கு விட்டது. இந்தியா பழைய இயந்திரங்களுக்கான கிடங்காகிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியக் கிளைகளில் தம் பங்கைப் பொதுவாக 40 சதவீதத்துக்குள் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றது. ஐ.பி.எம். முழு உடைமையை விட்டுக்கொடுக்க மறுத்தது. ஜனதா அரசில் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் தொழில்துறை அமைச்சராக இருந்த 1978இல் நாட்டைவிட்டு வெளியேறியது. பள்ளிப் பாடநூல் அளவில் இக்கதை கோகோ கோலா வெளியேறிய கதையின் பின்னிணைப்பாகவே சொல்லப்படுகிறது. ஆனால் கோகோ கோலா போனால் வேறொரு குளிர்பானம் குடிக்கலாம். நாடு முழுவதும் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் நிறுவப்பட்டிருந்த ஐ.பி.எம். இயந்திரங்கள் இங்கேயே இருந்தன. அவற்றைச் செய்தவர் போய்விட்டார். பழுதுபட்டால் யாரைக் கேட்பது?

அந்தக் கேள்வியை எதிர்பார்த்து அரசு 1975 இறுதியிலேயே ஒரு பொதுத்துறை நிறுவனத்தைப் பதிவுசெய்திருந்தது. அதன் முதற்பெயரே அதன் வேலையைச் சொல்லும்: கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன், அதாவது கணிப்பொறிப் பராமரிப்புக் கழகம். பின்னாளில் சி.எம்.சி. என்ற மூன்றெழுத்தாகச் சுருங்கி, 1980களின் நடுவில் ரயில்வே முன்பதிவைக் கணினிமயமாக்கியதற்காகப் புகழ்பெற்ற நிறுவனம் இதுவே. ஐ.பி.எம். விட்டுச்சென்ற இயந்திரங்களையும் வேறு பல வெளிநாட்டு இயந்திரங்களையும் அது பராமரித்தது. ஒரு நாட்டரசு, செய்தவர் இல்லாமலேயே இயந்திரங்களை ஓடவைக்கும் பொறுப்பைத் தன் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது என்பது உலக அளவில் அரிய நிகழ்வு. அது இயன்றதற்குக் காரணம் பழுதின் தன்மை. கம்பியும் திருகும் மின்சுற்றும் கொண்ட இயந்திரத்தை, கையேடும் கருவியும் பயிற்சியும் உள்ள எவரும் திறந்து பார்க்கலாம். பாகத்தை மாற்றினால் இயந்திரம் ஓடும். இன்றும் இந்திய அலுவலகங்களில் கணினி, நகலெடுக்கும் இயந்திரம், குளிர்சாதனம் எல்லாவற்றுக்கும் போடப்படும் ஏ.எம்.சி. என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இந்தத் திறந்த உலகத்தின் வாரிசு. செய்தவரிடம்தான் போட வேண்டும் என்பதில்லை. தெருமுனைக் கடைக்காரரிடமும் போடலாம்.

மென்பொருளுக்கு அப்படியொரு சி.எம்.சி. சாத்தியமா? அமெரிக்காவில் ஒரு நிறுவனம் அதை முயன்று பார்த்தது. அந்த முயற்சி எப்படி முடிந்தது என்பதை விளங்கிக்கொள்ள, இடையில் உருவாகியிருந்த விலைமுறையை அறிய வேண்டும்.

1980களிலும் 1990களிலும் பெருநிறுவன மென்பொருள் விற்பனையில் ஒரு பொதுவழக்கம் நிலைபெற்றது. உரிமம் ஒரே தவணையில், காலவரையின்றி. அதற்குமேல் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம். அக்கட்டணம் உரிம விலையின் ஒரு விழுக்காடாகக் கணக்கிடப்பட்டது. ஆரக்கிளில் 22 சதவீதம். ஜெர்மனியின் எஸ்.ஏ.பி.யில் நெடுங்காலம் 17. பராமரிப்பு நடப்பில் இருந்தால் பிழைதிருத்தங்களும் புதிய பதிப்புகளும் தொலைபேசி உதவியும் கிடைக்கும். நிறுத்தினால் மென்பொருள் ஓடும், ஆனால் அன்றிருந்த நிலையிலேயே உறைந்துபோகும். 22 சதவீதம் என்றால் ஐந்தாண்டு முடிவதற்குள் முழு உரிமத்தையும் மறுபடி வாங்கிய கணக்கு. எவ்வளவு குறைவாக உதவி கேட்டாலும் தொகை மாறாது. பத்தாண்டுகள் ஓடி எல்லாப் பிழைகளும் களையப்பட்டு அசையாமல் நிற்கும் மென்பொருளுக்கும் அதே விழுக்காடுதான். நிறுவனங்களின் கணக்கேட்டில் புதிய விற்பனையைவிடப் பராமரிப்பு வருவாய் நம்பகமானதாக, ஓய்வூதியம்போல மாதந்தவறாததாக ஆனது இப்படித்தான்.

2005 ஜனவரியில் ஆரக்கிள் தன் போட்டியாளரான பீப்பிள்சாஃப்டைக் கையகப்படுத்தி முடித்தது. பீப்பிள்சாஃப்ட் மென்பொருளை ஏற்கெனவே வாங்கியிருந்தவர்கள் அச்சத்தில் இருந்தனர். அதே மாதம் எஸ்.ஏ.பி., டெக்சாஸ் மாநிலத்தின் டுமாரோநவ் என்ற சிறு நிறுவனத்தை வாங்கியது. டுமாரோநவ் செய்தது வேறொன்றுமில்லை, பீப்பிள்சாஃப்ட் மென்பொருளுக்கான பராமரிப்பை ஆரக்கிள் கேட்கும் கட்டணத்தில் பாதிக்குத் தருவது. தெருமுனை ஏ.எம்.சி. கடைக்காரர் செய்வதும் இதேதான். ஆனால் மென்பொருளின் பழுதை நீக்கும் உதிரிப் பாகம் திருகு அன்று. அது இன்னொரு நிரல். அந்த நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு, அது ஆரக்கிளிடம் உள்ளது. பிழைதிருத்தங்கள் ஆரக்கிளின் வாடிக்கையாளர் தளத்தில் பூட்டி வைக்கப்பட்டிருந்தன; வாடிக்கையாளரின் கடவுச்சொல் இருந்தால்தான் திறக்கும்.

2006 இறுதியில் அத்தளத்தில் வழக்கத்துக்கு மாறாகப் பெருமளவு பதிவிறக்கம் நடப்பதை ஆரக்கிள் கவனித்தது. 2007 மார்ச்சில் தொடுத்த வழக்கில், சேவை உரிமை முடிந்துவிட்ட அல்லது முடியும் தறுவாயில் இருந்த வாடிக்கையாளர்களின் பெயரில் நுழைந்து டுமாரோநவ் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளை எடுத்தது என்று குற்றஞ்சாட்டியது. வழக்கு முழுவதும் ஒரு நாட்காட்டியைச் சுற்றியே சுழன்றது எனலாம். யாருடைய உரிமை எந்த நாளில் முடிந்தது, அவர் பெயரில் எந்த நாளில் எது எடுக்கப்பட்டது, எடுத்ததில் எது அவருக்கு உரியது, எது அல்லாதது? எஸ்.ஏ.பி. 2008இல் டுமாரோநவை மூடியது. பதிப்புரிமை மீறலை ஒப்புக்கொண்டது. 2010 நவம்பரில் நடுவர் குழு விதித்த இழப்பீடு 130 கோடி டாலர். நீதிபதி அதை மிகை என்று தள்ளினார். பல கட்டங்கள் கடந்து 2014இல் 35 கோடி டாலரைச் சற்றுத் தாண்டிய தொகையில் அது முடிவுக்கு வந்தது.

டுமாரோநவ் செய்தது திருட்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வழக்கு வெளிப்படுத்திய அடிப்படை வேறுபாடு திருட்டைவிடப் பெரிது. 1978இல் செய்தவர் நாட்டைவிட்டே போனபின்பும் ஐ.பி.எம். இயந்திரங்களை வேறொருவர் பராமரிக்க முடிந்தது. 2007இல் செய்தவர் கண்முன் இருக்கும்போதே அவர் மென்பொருளை வேறொருவர் பராமரிப்பது பெருஞ்சட்டச் சிக்கலாக இருந்தது. வாடிக்கையாளர் உரிமத்தைச் சொந்தமாக வாங்கியிருந்தார். ஆனால் பழுதுபார்ப்பவரைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அதோடு சேர்ந்து வரவில்லை.

மற்றவருக்கு வழியில்லாத சந்தையில் விலை எந்தப் பக்கம் நகரும் என்பதை எஸ்.ஏ.பி.யே காட்டியது. 2008 ஜூலையில் அது தன் பராமரிப்பை ‘என்டர்பிரைஸ் சப்போர்ட்’ என்று பெயர் மாற்றி, 17 சதவீதத்தைப் படிப்படியாக 22 ஆக்கப்போவதாக அறிவித்தது. உலகப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த ஆண்டு அது. மேம்பட்ட சேவை என்றது நிறுவனம். கேட்காத மேம்பாட்டுக்கு ஏன் பணம் என்றனர் வாடிக்கையாளர்கள். ஜெர்மன் மொழிப் பயனர் அமைப்பு முன்னின்று எதிர்த்தது. 2010 ஜனவரியில் பழைய நிலைச் சேவையையும் ஒரு தேர்வாகத் திரும்பத் தர எஸ்.ஏ.பி. இணங்கியது. அடுத்த மாதமே தலைமைச் செயல் அலுவலர் லியோ அப்போதேக்கர் பதவி விலகினார். சேவை உரிமையின் விலைக்காக வாடிக்கையாளர்கள் திரண்டு ஒரு பெருநிறுவனத்தைப் பின்வாங்கச் செய்த நிகழ்வுகள் அரிது.

இத்தகைய மனக்கசப்பின் மேல்தான் சந்தா முறை மீட்பராக வந்து இறங்கியது. ஆரக்கிளில் பணியாற்றிய மார்க் பெனியாஃப் 1999இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ், ‘மென்பொருளுக்கு முடிவு’ என்று முழங்கியது. உரிமம் வேண்டாம், நிறுவ வேண்டாம், பராமரிப்புக் கட்டணம் வேண்டாம். ஒரு பயனருக்கு மாதம் இவ்வளவு என்று கொடுத்தால் போதும். புதுமை என்று கொண்டாடப்பட்ட இந்த முறை, 1950களில் ஐ.பி.எம். நடத்திய அதே மாத வாடகைதான். இயந்திரம் மீண்டும் விற்பவரிடம். பழுதும் மீண்டும் விற்பவரிடம். வழங்கி நின்றால் சரிசெய்ய வேண்டியவர் அவரே.

தமிழ் வாசகருக்குச் சந்தா என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதழ்கள். பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த இச்சொல்லுக்கு நன்கொடை, பங்களிப்பு என்ற பொருளும் உண்டு. சங்கத்துக்கும் கட்சிக்கும் கட்டுவதும் சந்தாவே. சிற்றிதழ்கள் ஆண்டுச் சந்தாவோடு ஆயுள் சந்தாவும் திரட்டின. யாருடைய ஆயுள் என்று எழுதப்படவில்லை. பெரும்பாலும் இதழின் ஆயுளே முதலில் முடிந்தது. காலவரையற்ற மென்பொருள் உரிமமும் ஒருவகை ஆயுள் சந்தாதான். ஆனால் இதழ்ச் சந்தா முடிந்தாலும் வந்த இதழ்கள் அலமாரியில் இருக்கும். மென்பொருள் சந்தா முடிந்தால் அலமாரியும் போய்விடும்.

பழைய வாடகைக்கும் புதிய வாடகைக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. வாடகை திரும்பி வந்தது; வாடகைக்குள் அடங்கியிருந்த உதவி முழுமையாகத் திரும்பி வரவில்லை. சேல்ஸ்ஃபோர்ஸில் அடிப்படை உதவி எல்லாச் சந்தாவிலும் உண்டு. நாள் முழுவதும் எப்போது வேண்டுமானாலும் தொலைபேசியில் கேட்கக்கூடிய, விரைந்து பதில் வரும் ‘பிரீமியர்’ நிலை வேண்டுமென்றால் அண்மை ஆண்டுகளின் விலைப்பட்டியலில் நிகரச் சந்தாத் தொகையில் இன்னும் 30 சதவீதம். ஆரக்கிளின் 22ஐக் கண்டு மனம் வெதும்பியவர்களுக்கு வந்த விடுதலை இது. கட்டவிழ்ப்பில் பிரிந்தவை, சந்தா என்ற பெயரில் சேர்ந்தாற்போலத் தோன்றினாலும், படிநிலைகளாகப் பிரிந்தே கிடக்கின்றன.

படிநிலையையும் விலையையும் விற்பவர் நினைத்தபோது மாற்றலாம் என்பதும் சந்தாவின் இயல்பு. வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருளை விற்கும் சென்டெஸ்க், கோபன்ஹேகனில் 2007இல் தொடங்கி அமெரிக்காவுக்கு இடம்பெயர்ந்த நிறுவனம். 2010 மே மாதம் அது விலையை உயர்த்தியது. சிலருக்கு உயர்வு பன்மடங்கு. பழைய வாடிக்கையாளர்கள் கொதித்தனர். தலைவர் மிக்கெல் ஸ்வேன் பொதுவில் மன்னிப்புக் கேட்டு, பழையவர்களுக்குப் பழைய விலையே தொடரும் என்றார். ஆனால் அதற்குள் அந்தச் சலசலப்பைச் சென்னையில் ஒருவர் படித்துவிட்டார். சோஹோவில் பணியாற்றிய கிரிஷ் மாத்ருபூதம், ‘ஹேக்கர் நியூஸ்’ தளத்தில் இந்த விலையேற்றம் பற்றி வந்த கருத்தொன்றே ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கத் தூண்டுதல் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். 2010இலேயே நிறுவனம் தொடங்கப்பட்டது. 2021 செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. அவர் சொல்லும் இன்னொரு நிகழ்வு இதைவிடப் பொருத்தமானது. அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு அனுப்பிய தொலைக்காட்சிப் பெட்டி உடைந்து வந்தது. காப்பீட்டுத் தொகைக்கு மாதக்கணக்கில் அலைந்தும் கிடைக்கவில்லை. இணையத்தில் எல்லாரும் பார்க்க எழுதியதும் கிடைத்துவிட்டது. ஒப்பந்தத்தில் இருந்த உரிமை தராததை ஊரறியச் சொன்னது தந்தது.

உதவி கேட்கும் உரிமையைக் கணக்குவைப்பதே இத்தகைய மென்பொருள்களின் தொழில். அந்தக் கணக்கேடு எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. மைக்ரோசாஃப்டின் டைனமிக்ஸ் சி.ஆர்.எம். மென்பொருளில் முன்பு ‘ஒப்பந்தம்’ என்றிருந்த பகுதிக்கு மாற்றாக 2014இல் ‘என்டைட்டில்மென்ட்’ என்ற பகுதி வந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் ஏடு. அதில் தொடக்க நாள், முடிவு நாள், மொத்த அளவு, மீதமுள்ள அளவு. அளவு என்பது முறையீடுகளின் எண்ணிக்கையாக இருக்கலாம், மணிநேரமாகவும் இருக்கலாம். ஏட்டுக்கு ஐந்து நிலைகள்: வரைவு, காத்திருப்பு, நடப்பு, ரத்து, காலாவதி.

இவற்றுள் சிறியதாகத் தோன்றும் ஒரு தேர்வு உண்டு. மீதமுள்ள அளவு எப்போது குறைய வேண்டும்? முறையீடு பதிவானதுமா, அல்லது தீர்க்கப்பட்டதுமா? இருபது முறையீடுகளுக்கு உரிமை பெற்றவர் ஒருவர் என்று கொள்வோம். முதல் வகையில் அவர் கேட்டதற்கே ஒன்று கழிகிறது. விடை வந்ததா என்பது வேறு. இரண்டாம் வகையில் பெற்றதற்குக் கழிகிறது. கேட்டல் என்பதும் பெறுதல் என்பதும் வேறுவேறு வினைகள். அவற்றுள் எதற்கு விலை என்பதை ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் ஒரு பட்டியலைத் திறந்து தேர்ந்தெடுக்கிறார். இன்னொரு தேர்வும் உண்டு. அளவு தீர்ந்தபின் புதிய முறையீட்டை மறுக்கலாமா? மறுக்க வேண்டாம் என்றால் மீதம் சுழியத்துக்குக் கீழே எதிர்க்கணக்காகப் போகும். வாடிக்கையாளர் கடன்பட்டவராவார், ஆனால் உதவி கிடைக்கும். மறுக்கலாம் என்றால் கதவு சாத்தப்படும். சேவைப் பணியாளருக்கு ஒரு சலுகையும் தரப்பட்டிருக்கிறது: குறிப்பிட்ட முறையீட்டுக்கு அளவைக் கழிக்காமல் விடும் பொத்தான். பழுது விற்பவரின் தவறால் நேர்ந்தது என்று தெரிந்தால் மனச்சான்றுள்ள பணியாளர் அதை அழுத்தலாம். ஐ.பி.எம். வாடகைக் காலத்தில் எல்லாருக்கும் இயல்பாக இருந்தது இப்போது ஒரு பொத்தானில் ஒதுங்கியிருக்கிறது.

இந்தியாவில் மிகப் பலர் தொட்டறிந்த சேவை உரிமை இவற்றில் எதுவுமன்று, டாலியுடையது. 1986இல் ஷியாம் சுந்தர் கோயங்காவும் மகன் பரத் கோயங்காவும் பெங்களூரில் தொடங்கிய இக்கணக்கு மென்பொருள், காலவரையற்ற உரிமமாகவே விற்கப்பட்டு வந்தது. ஒருவர் பயன்படுத்தும் ‘சில்வர்’ உரிமம் நெடுநாள் 18,000 ரூபாய். அதன் புதுப்பிப்புகளுக்கான ஆண்டுச் சந்தா 3,600. சரியாக 20 சதவீதம், அதாவது எஸ்.ஏ.பி.யின் பழைய விழுக்காட்டுக்கும் ஆரக்கிளின் விழுக்காட்டுக்கும் இடையில். சந்தா கட்டாதவரின் மென்பொருள் நிற்காது. ஆண்டுக்கணக்கில் கட்டாமல் ஓட்டிய கடைக்காரர்களும் தணிக்கையாளர்களும் ஊர்தோறும் இருந்தார்கள். கூட்டலும் கழித்தலும் மாறுவதில்லை என்பது அவர்கள் நியாயம். 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. கூட்டல் மாறவில்லை, கூட்டவேண்டியது மாறிவிட்டது. புதிய வரிக்கேற்ற பதிப்பைப் பெறச் சந்தா நடப்பில் இருக்க வேண்டும். உறைந்த நிலையில் ஓடிக்கொண்டிருந்த உரிமங்களை ஒரே நாளில் பயனற்றவையாக்கியது பழுதும் அன்று, விற்பவரின் சூழ்ச்சியும் அன்று; நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம். சொந்தமாக வாங்கியவருக்கும் சந்தாக்காரருக்கும் இடையிலிருந்த வேறுபாடு அந்தக் கோடையில் பெருமளவு அழிந்துபோயிற்று.

அதே சட்டம் குயிக் ஹீல் வழக்கின் கேள்வியையும் வேறொரு வழியில் முடித்துவைத்தது. பெட்டியில் வரும் மென்பொருளைப் பொருள் என்று கொண்டாலும் 18 சதவீதம், சேவை என்று கொண்டாலும் 18 சதவீதம். 2011 முதல் 2014 வரையிலான கணக்குக்காக உச்ச நீதிமன்றம்வரை சென்று 2022இல் விடைபெற்ற அந்த வினாவில் வரித்துறைக்கு இப்போது வருவாய் எதுவும் இல்லை. குறியீட்டு எண்ணின் காலம் முடிந்த மறுநாள் உதவி எண்ணை அழைப்பவருக்கு மட்டும் அது இன்னும் வினாவாகவே இருக்கிறது.